மூங்கிலில் ஒரு குவிமாடம்

மைசூரில் தசராவுக்கு முந்தைய மாலை. மகாராஜா காலத்துச் சந்தைக் கட்டடத்தின் எதிரே நிற்கிறேன். வெள்ளைக்காரன் வரைந்த வளைவுகளுக்கு மேலே நவாபு பாணிக் குவிமாடங்கள். மூலைக் குவிமாடம் மட்டும் இல்லை. போன மழையில் அது கீழிருந்த கடைகளின் மேலேயே விழுந்துவிட்டது. அந்த வெற்றிடத்தில் ஆட்கள் மூங்கிலை வளைத்துக் கட்டிச் சீரியல் விளக்குகளைச் சுற்றுகிறார்கள்.

நடைபாதையில் மல்லிகை விற்கும் அக்காவுக்கு ஊர் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமம். மாமியார் காலத்திலிருந்து அவர்கள் கடை அந்த மூலையில்தான் இருந்ததாம்.

"திரும்பக் கட்டித் தரமாட்டாங்களாக்கா?"

"அதான் கட்டறாங்கல்லங்க, மூங்கில்ல! பத்து நாளைக்கு இடிஞ்சது தெரியக் கூடாதுங்களாம்."

விளக்குகள் எரிகின்றன. குவிமாடமும் அதன் கீழே, இப்போது இல்லாத கடைகளின் வளைவுகளும் முழுசாக ஜொலிக்கின்றன. கூட்டம் கைதட்டுகிறது. பாரம்பரியத்தைக் காப்பாற்ற நானும் செல்போனை உயர்த்துகிறேன்.

"போட்டோங்களா? இருங்க."

யாரும் சொல்லாமலே அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு, படத்தில் விழாத தூரத்துக்கு நகர்ந்து நிற்கிறார்.

"இப்ப எடுங்க. எங்க கடையும் சேந்து வரும்."