வாயைத் திறந்தபடி நான் கேட்ட பாட்டு

முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, இதை எழுதக் கை கூசுகிறது. அவன் எனக்குச் செய்த உதவியைச் சொல்வதென்றால் நான் செய்த அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டேன்.

எங்களுக்கு ஆந்திராப் பக்கம் நகரியில் விசைத்தறி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு, தெருப் பெண்கள் பத்துப் பேர் எங்கள் வீட்டில் முருகன் பஜனை பாடுவோம். நடத்துவது நான். எனக்கு நல்ல குரல். அதை நானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன், அப்படி ஒரு தலைக்கனம்.

போன ஆனி மாதம் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தது. கன்னம் வீங்கிவிட்டது, கஞ்சிதான் சாப்பாடு. புத்தூர் பல் டாக்டர் ஊசியை எடுத்ததும் எழுந்து ஓடி வந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் அதே கதை. “பல் தாடைக்குள்ள புதைஞ்சிருக்கு, அறுத்துத்தான் எடுக்கணும். திருப்பதிக்குப் போங்க. இன்னும் தள்ளிப்போட்டா சீழ் கழுத்துக்கு எறங்கிடும், அப்புறம் உயிருக்கே ஆபத்து” என்றார்.

அன்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். “முருகா, தனியா என்னால முடியாது. நீ வந்து என் பக்கத்துல நில்லு.” வேறு எதுவும் கேட்கவில்லை.

கூட வர ஆளில்லை. வீட்டுக்காரருக்குத் தறி வேலை. பஜனைப் பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வந்தவள் என் ஓரகத்தி கமலா, கொழுந்தனார் மனைவி. நான் கூப்பிடவேயில்லை. காலையில் பையோடு வாசலில் நின்றாள்.

திருப்பதியில் நாற்காலியில் சாய்ந்ததுமே ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “பயபடொத்தம்மா, பயப்படாதீங்க. போன்ல புடிச்ச பாட்டு ஏதாச்சும் இருக்கா? கேட்டுக்கினே இருந்தா பயமும் வலியும் கொறையும்” என்றார்.

பிடித்த பாட்டா? என் பாட்டுதான். இரண்டு வருடத்துக்கு முன் பஜனை ஒத்திகையில் என் மகள் பதிவு செய்தது. அதைப் போட்டு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். மனசு அடங்கியது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை அறுத்தார்கள்.

பாட்டு முடிந்தது. பதிவு முடியவில்லை.

“கமலா, நீ பாடாத. ஒன் கொரலு எல்லாத்தியும் கெடுத்துக்கினு இருக்குது. தாளம் மட்டும் போடு, போதும்.”

என் குரல்தான். பின்னால் மற்றப் பெண்கள் எல்லோரும் சிரிக்கிற சத்தம். கடைசியாகச் சின்னதாக ஒரு குரல்: “சரிக்கா.”

அப்படி ஒன்று சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் வாரம் தவறாமல் வந்தாள், பாய் விரித்தாள், தாளம் போட்டாள். ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. வலி என்று நினைத்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அலறியது. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். “இப்படி இருந்தா மேல செய்ய முடியாதும்மா. கூட வந்தவங்களக் கூப்பிடுங்க.”

கமலா வந்து பக்கத்தில் நின்றாள். வாய் நிறையப் பஞ்சு, எனக்குப் பேச வழியில்லை. காதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டேன். அவள் வாயைக் காட்டினேன். என் காதைக் காட்டினேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

“நானாக்கா? நான் பாடலாமா?”

என்னிடம் அனுமதி கேட்டாள். அந்த நிமிடம் பட்ட வெட்கம் போல என் ஆயுளில் பட்டதில்லை.

“முருகா, முருகா” என்று ஆரம்பித்தாள். சுருதி சேரவில்லை. நடுவில் தொண்டை கட்டியது, இருமிவிட்டு மறுபடி பாடினாள். என் கை அவள் கைக்குள் இருந்தது. முக்கால் மணி நேரம் நிறுத்தவேயில்லை. பல் நாலு துண்டாக வந்தது. வலிக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுந்து ஓடவில்லை.

பக்கத்தில் வந்து நில்லு என்று அவனைக் கேட்டேன். யாரை நிறுத்தினான் பாருங்கள்.

வீக்கம் வடிந்து வாய் பேச வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். “எப்போ சொன்ன? எனக்கு நெனப்பே இல்லக்கா. கஞ்சி ஆறிப்போவுது, துன்னு” என்றாள். நினைப்பில்லாமலா இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தாள்? எனக்காக அந்தப் பொய். மறு வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அன்று சிரித்த யாரும் தலை நிமிரவில்லை.

இப்போது முதல் பாட்டு கமலாவுடையது. தாளம் நான் போடுகிறேன். பயத்திலோ நோயிலோ கிடப்பவர்களே, அவனைக் கூப்பிடுங்கள். கட்டாயம் ஆள் அனுப்புவான். நீங்கள் யாரையாவது வாயடைத்து உட்கார வைத்திருந்தால், நாற்காலியில் மாட்டும்வரை காத்திராமல் இன்றைக்கே போய்ப் பாடச் சொல்லுங்கள். நகரிப் பக்கம் வந்தால் வெள்ளிக்கிழமை எங்கள் பஜனைக்கும் வாருங்கள். சுருதி சேராது. பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள்.