பனங்கட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட தோட்டக்காரன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். அந்தக் கூச்சத்தால் நேர்ந்ததை எழுதுகிறேன்.

சென்ற வருஷம் என் மனைவிக்குச் சலரோகம் என்று கண்ட டாக்குத்தர், "சீனியை அடியோடை விடவேணும்" என்றார். பனங்கட்டி தின்னலாமா என்று கேட்க நினைத்தேன். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். கேட்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் சீனிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்தோம். அவள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தாள். "இஞ்சாருங்கோ, சீனி கப்பலிலை வாறது. இது எங்கடை பனை தந்தது. இது என்ன செய்யும்?" என்று சிரித்தாள். ஓலைக் குட்டானில் இருந்த பனங்கட்டி முடிய, நானே சந்தையில் அடுத்ததை வாங்கி வந்தேன்.

மாசியில் அவள் காலில் முள்ளுக் குத்தியது. புண் ஆறாமல் கறுத்தது. டாக்குத்தர் அவளுடைய சிறுநீரை ஒரு நீல மருந்தோடு காய்ச்சினார். சீனி இருந்தால் நிறம் மாறுமாம்; அது செங்கல் நிறமானது.

"சீனி குடுத்தனீரோ?"

"இல்லை ஐயா. பனங்கட்டி மட்டுந்தான்."

"அட கடவுளே! வயித்துக்குள்ளை போனால் அதுவும் இரத்தத்திலை சீனியாய்த்தான் ஏறும். ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை நீர்?"



முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவளும் போய்விட்டாள்.

இப்போது என் தமக்கைக்கும் அதே சலரோகம். அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் தேன், பனம்பழப் பனாட்டு, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாய்க் கேட்கிறேன். பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யாருக்காகக் கேட்டிருக்க வேண்டுமோ, அவள் இல்லை.