பதினான்கு நாளுக்குள் கிடைக்க வேண்டியது

மலேசியாவில், பகாவ் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் நான் தாதியாக இருந்தேன். சுகாதார இலாகாவுக்கு வாரம் ஒரு பாரம் நிரப்பி அனுப்ப வேண்டும். பதினைந்து வயதுக்குள் யாருக்காவது கையோ காலோ திடீரென்று துவண்டு போனதா என்பதுதான் அதில் கேள்வி. போலியோ திரும்பி வந்தால் அப்படித்தான் முதலில் தெரியும். யாருமில்லை என்றாலும் ‘கோசோங்’, அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதியே ஆக வேண்டும். ஒன்றுமில்லாததற்கு ஒரு பாரமா என்று எனக்கு எரிச்சல். வாரம் முடிவது சனிக்கிழமை. நானோ வெள்ளிக்கிழமை மத்தியானமே கோசோங் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

அப்படி அனுப்பிய மறுநாள் காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தோட்டத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் நாலு வயது மகளோடு நின்றாள். இடுப்பில் ஏறிய பிள்ளை இரண்டு காலாலும் தாயைக் கவ்விக்கொள்ளும். இந்தப் பிள்ளை ஒரு காலால்தான் கவ்வியிருந்தது. இடது கால் சும்மா தொங்கியது.

“பிள்ளைக்கு என்னம்மா?” என்றேன்.

“காய்ச்சல் வந்துச்சு மிஸ்ஸி. புதன்கிழமை காலையில எந்திரிச்சா கால் நிக்கல. சுளுக்குதான் லா. எண்ணெ போட்டு உருவி விட்டாச்சு.” தாதிகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“கிளினிக்குக்குக் கொண்டு வரலாமே.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “இவளுக்கு சூராட் இல்ல மிஸ்ஸி. எனக்கே ஐசி இல்ல. வந்தா கேப்பாங்க.”

தாய்க்கு அடையாள அட்டை இல்லை, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்றால் தடுப்பூசியும் போட்டிருக்க மாட்டார்கள். பாரத்தில் எழுதியே ஆக வேண்டிய பிள்ளை. ஆனால் பாரம் நேற்றே போய்விட்டது. திருத்த வேண்டுமென்றால் வாரம் முடியுமுன் ஏன் அனுப்பினாய் என்று விளக்கக் கடிதம் கேட்பார்கள். சுளுக்காகத்தான் இருக்கும் என்று நானும் சொல்லிக்கொண்டேன். படித்தவள் தனக்குச் சொல்லிக்கொள்ளும் பொய் கொஞ்சம் நயமாகவே இருக்கும். மீனை வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தேன். அடுத்த வெள்ளியும் கோசோங் போட்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பிரஷர் மாத்திரைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, “லயத்து வீட்டுல ஒரு பிள்ள இன்னும் எந்திரிச்சு நிக்கல மிஸ்ஸி” என்றார். நான் விரலை மடக்கி எண்ணினேன். பதின்மூன்று நாள்.

கால் விழுந்து பதினான்கு நாளுக்குள், இருபத்துநாலு மணி நேர இடைவெளியில், இரண்டு முறை மலம் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் போலியோ இருக்கிறதா என்று மட்டுமல்ல, இருந்தால் அது எந்த ஊர் வழியாக வந்தது, எத்தனை காலமாகச் சத்தமில்லாமல் சுற்றியது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். நாள் கடந்தால் கிருமி மலத்தில் குறைந்துபோகும். அப்புறம் தேடியும் பிரயோசனமில்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளைக்கு வயிறு இறங்கவில்லை. பப்பாளி கொடுத்தோம், வெந்நீர் கொடுத்தோம். புதன்கிழமை ஒன்று கிடைத்தது. அடுத்தது வெள்ளிக்கிழமைதான். பதினாறாம் நாள்.

லயத்துக்குப் பின்னால் கால்வாய் ஓடியது. அதில் ஏழெட்டுப் பிள்ளைகள் முழங்காலளவு நீரில் செருப்பை மிதக்கவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையின் கால் விழுந்தால், அதைச் சுற்றிக் கால் விழாத எத்தனையோ பிள்ளைகளின் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கலாம். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அடுத்த பிள்ளைக்குக் கொண்டு போவார்கள். வீடு வீடாகப் போய், சூராட் கேட்காமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுத்தோம்.

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. கிருமி அகப்படவில்லை. ஆனால் மாதிரி உரிய நாளுக்குள் எடுக்கப்படவில்லை, ஆகையால் போலியோ இல்லை என்று உறுதி சொல்ல இயலாது. அதை நான் நாலு முறை படித்தேன்.

அறுபதாம் நாள் பிள்ளையின் காலைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பது விதி. போனேன். பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடது தொடை சூம்பியிருந்தது.

“இது போலியோவா இல்லையா மிஸ்ஸி?” என்று தாய் கேட்டாள்.

“சொல்ல முடியாதும்மா.”

“செரம்பான் பெரியாஸ்பத்திரியில கேட்டா?”

“இனிமே யாராலயும் சொல்ல முடியாது. நாள் கடந்துபோச்சு.”

அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

“என் தப்புதான் மிஸ்ஸி. சூராட் இல்லன்னு பயந்துக்கிட்டு நான்தான் நாளக் கடத்திட்டேன்.”

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. மூன்றாம் நாளே பாசாரில் பார்த்தவள் நான் என்று அவளிடம் சொல்லவில்லை. குனிந்து பிள்ளையின் முழங்காலைத் தட்டிப் பார்த்து, அசைவு இல்லை என்று எழுதினேன்.