உப்பு ஜாடிமேல் சாய்த்த போன்

எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'லைன்காரி' என்று பேர் வைத்தது நான்தான். தங்க வருகிறவர்களின் சட்டைகளுக்கு அவள் இஸ்திரி போடுவாள். பக்கத்து மேசையில் நான் படுக்கை விரிப்பு மடிப்பேன். தங்கியிருந்ததும் ஒரே அறையில்தான். இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், எங்களுக்குக் கேட்காது என்று நினைப்பு. "ஊர் ஞாபகம் எல்லாருக்கும்தான் இருக்கு. நாங்கல்லாம் என்ன செத்தா போயிட்டோம்?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். நான் என் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, பத்தே நிமிடம் பேசுவேன். அதற்கு மேல் பேசினால் எனக்கும் தாங்காது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டாம் மாதம் அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். காலையில் வேலைக்கு வந்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போடுவாள். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். இவள் ஒரே பெண், அம்மா அங்கே தனி ஆள். அந்த அம்மா போனை அடுப்பு மேடையில் உப்பு ஜாடிமேல் சாய்த்து வைப்பார். இவள் இங்கே தலையணை உறை அடுக்கின்மேல் சாய்த்து வைப்பாள். அவ்வளவுதான், சாயங்காலம் வரை லைன் அப்படியே இருக்கும். பேச்சு அதிகம் இருக்காது. அங்கே குக்கர் விசில் அடிக்கும், இங்கே இஸ்திரிப் பெட்டி ஆவி விடும். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால், சத்தத்தை முழுசாகக் கூட்டி வைக்க இவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். வேலை நேரத்தில் எங்கள் போன்களெல்லாம் மேற்பார்வையாளரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். இவள் மட்டும் அழுது அனுமதி வாங்கியிருந்தாள். அந்தக் கல்நெஞ்சுக்காரரே கரைந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"காலரை முதல்ல தேய்டி, கையை அப்புறம் பாத்துக்கலாம்" என்று அங்கிருந்தே அதட்டல் வரும். எதிர் வீட்டுத் தையல்காரரோ வேறு யாராவதோ வந்தால், "மெதுவா பேசுங்க, பொண்ணு வேலையில இருக்கா" என்பார். ஒரு நாள் நான் லீவு. "அந்தச் சிடுமூஞ்சி எங்கடி?" என்று கேட்டாராம். மறுநாள் போன் முன்னால் போய் நின்று, "சிடுமூஞ்சி வந்தாச்சும்மா" என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு வேலைக்கு நடுவில் நானே திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். இவளும் ஒழுங்காகச் சாப்பிட்டாள், கன்னத்தில் சதை பிடித்தது.

ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. அன்று காலை கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் விரிப்புகளை நாலாம் மாடியில் கொடுத்துவிட்டுத் தள்ளுவண்டியோடு திரும்பினேன். ஒரு வெள்ளைச் சட்டை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கருகிக்கொண்டிருந்தது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இருக்கேம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் அடுப்பு மட்டும் தெரிந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. தரையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கட் பண்ணிடாதடி..."

"எப்ப விழுந்தாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க மாடிக்குப் போனப்பவே. நெஞ்சு வலிக்குதுன்னாங்க."

நான் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"எதிர் வீட்டுக்குப் போன் பண்ணாம என்னடி பண்றே, பைத்தியமே!"

"கட் பண்ண வேணாங்கிறாங்கக்கா."

போனைப் பிடுங்கினேன். கட் செய்தேன். எதிர் வீட்டுத் தையல்காரரின் நம்பரைத் தேடி நானே அடித்தேன். அவர் ஓடினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவை உடைத்து உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது என்று சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவளுடைய பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருந்தது. அதை வாங்கி டிக்கெட் போட நாலு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் எடுத்துவிடுவார்கள். இனி யாரைப் பார்க்கப் போவது என்று அவள் போகவேயில்லை. நாலாம் நாளே வேலைக்கு வந்தாள். எங்களைப் போல அவளும் போனை அலமாரியில் போட்டுவிட்டு வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அழுவதும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விழுந்த உடனே கட் செய்திருந்தால் அந்த அம்மா பிழைத்திருக்கலாம். இதை அவளிடம் நான் சொன்னதில்லை, சாகும்வரை சொல்லவும் மாட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க வந்தவள் கேட்டாள்.

"அக்கா, நாம கட் பண்ணது அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

கட் பண்ணியது நான். அவள் நாம என்றாள். லைன் கட்டானால் அந்தப் பக்கம் மூன்று தடவை 'டுட்' என்று சத்தம் வரும். அதுவும் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்த போன்.

"தெரிஞ்சிருக்காதுடி. அதுக்குள்ள மயங்கியிருப்பாங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். "ஆமாக்கா" என்றாள். பிறகு தன் மேசைக்குப் போய் அடுத்த சட்டையை விரித்து, காலரை முதலில் தேய்த்தாள்.