விமானத்தில் போட்ட சுண்ணாம்பு வளையம்

நான் துடைத்துக் காத்த விமானம் என் கவனக்குறைவால்தான் விழுந்தது என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் புத்தகம். எனக்குப் படிக்கத் தெரியாது என்றால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருடங்கள் அவை. மலாயாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர்க் காட்டை அழித்து, மேடு பள்ளம் நிரவி, துரைமார் விமானம் ஓட்டப் பழகுவதற்குத் திடல் போட்டார்கள். அந்தக் காட்டில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கிக்கொண்டிருந்த என்னையும் என் மச்சானையும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மச்சான் என்றால் வாய்ப்பேச்சுக்கு அல்ல, என் தங்கையைக் கட்டியவன். விடியுமுன் வாளி தூக்கிக் காட்டுக்குள் ஓடவேண்டாம், கொசுக்கடி இல்லை. இனிச் செத்தாலும் தோட்டத்து வேலைக்குத் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன.

விமானம் பெட்டி பெட்டியாக ரயிலில் வந்து இறங்கியது. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. புதுசு என்று ஆசையாகப் பெட்டியை உடைத்தால், உள்ளே இருந்தது ஒட்டுப்போட்ட கிழம். பழக்கிக் கொடுக்கிற துரை அதன் வரலாறு எழுதிய புத்தகத்தைப் புரட்டி, மலாயையும் தமிழையும் கலந்து எங்களுக்குக் கதை சொன்னார். முதல் உலகச் சண்டைக் காலத்தில் சீமையில் பட்டாளத்துப் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்ததாம். இரண்டு தடவை குப்புற விழுந்ததாம். இடப்பக்கத்துக் கீழ் இறக்கை வேறொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியதாம். சண்டை முடிந்ததும் ஏதோ ஒரு கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்துவிட்டு எங்களிடம் வந்திருக்கிறது.

அதன் எந்திரம் குடிப்பது விளக்கெண்ணெய். பறக்கும்போது அது ஓட்டுகிறவர் முகத்தில் தெறிக்கும், வாய்க்குள்ளும் போகும். பழக வந்த துரைமார் இறங்கிய கையோடு எங்கள் விமானக் கொட்டகைக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்து நானும் மச்சானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

விமானத்தைத் துடைப்பது, துணி கிழிந்தால் ஒட்டுவது, கம்பிகளை இழுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. ஏதாவது பழுது தெரிந்தால் துரைக்குச் சொல்லவேண்டும். அவர் எப்போது வருவார் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது. எழுதி வைக்க எங்களுக்கு எழுத்தும் கிடையாது. அதனால் தோட்டத்து வழக்கத்தையே கொண்டுவந்தேன். தோட்டத்தில் நோய் கண்ட மரத்துக்கு அடிமரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வளையம் போடுவோம். வளையம் இருந்தால் எவனும் அதில் கத்தி வைக்கமாட்டான். இறங்கும் இடம் மேலிருந்து தெரியத் திடலில் வட்டம் போடுவதற்கு வாங்கிய சுண்ணாம்பு கொட்டகையிலேயே இருந்தது. பழுதுள்ள இடத்தில் வளையம் போடுகிறேன், அதைப் பார்க்காமல் ஏறாதீர்கள் என்று துரையிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என் தோளில் தட்டிச் சரி என்றார். துரை தட்டிய தோள் என்று நான் ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தேன்.

பல மாதம் அப்படியே நடந்தது. அப்புறம் ஒருநாள், வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவனை மேலே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, துரை மச்சானைக் கைகாட்டினார். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தனியாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே நிற்கிற மரக்கால்களில் ஒன்றின் அடியில் பூச்சு உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினேன். நகம் உள்ளே போய்விட்டது. மழைத் தண்ணீர் இறங்கி மரம் உளுத்திருந்தது. சுண்ணாம்பைக் குழைத்து, பட்டையாக ஒரு வளையம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் நான் திடலுக்குப் போய்ச் சேருமுன்பே விமானம் வானத்தில் நின்றது. வேறு மரக்காலை மாட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அது திரும்பும்போது ஒரு பக்கத்து இறக்கைகள் மடிந்தன. ஓரத்தில் அழிக்காமல் விட்டிருந்த ரப்பர் மரங்களுக்குள் போய் விழுந்தது. கிளைகள் தாங்கியதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். துரைக்குக் கை முறிந்தது, மச்சானுக்குக் கால் நசுங்கியது. அந்த மரக்காலைத் தேடி எடுத்தேன். வளையம் இல்லை. கொட்டகையில் சுண்ணாம்பும் விளக்கெண்ணெயுமாக ஒரு துணி கிடந்தது.

மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு விசாரணைக்கு ஒரு பெரிய துரை வந்தார். வளையம் எதையும் நான் பார்க்கவில்லை என்றார் எங்கள் துரை. அடுத்து மச்சானைக் கேட்டார்கள். அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இல்ல தொரை. சுண்ணாம்பு ஒண்ணும் இல்ல" என்றான். என் கவனக்குறைவு என்று விமானத்தின் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கே என் வேலை போயிற்று.

வெளியே அவனை மறித்துக்கொண்டேன்.

"தொடச்சது நீதானே?"

"நான்தான் மச்சான். என் மேல உள்ள பொறாமையில போட்டிருக்கேன்னு நெனச்சேன். தோட்டத்துல நல்ல மரத்துக்கே சுண்ணாம்பு போட்டவன்தானே நீ?"

அது உண்மை. முதுகு வலிக்கிற நாளில் வெட்டுகிற மரம் குறையட்டும் என்று நல்ல மரங்களுக்கும் நான் வளையம் போட்டிருக்கிறேன். சுண்ணாம்புச் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் அவன்தான்.

"சரிடா, தொடச்ச. இன்னைக்கு ஏன் இல்லேன்ன?"

"தொரை ஆஸ்பத்திரிக்கு வந்தாருலா. காலு இப்படி ஆனாலும் வேலை தாரேன்னாரு. நான் தொடச்சப்ப அவரும் பக்கத்துலதான் நின்னாரு. என்னன்னு கேட்டாரு. மச்சானுக்குப் பொறாமைன்னு சொன்னேன். சிரிச்சிட்டு ஏறிட்டாரு."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று பெரியவர்கள் சொன்னபோது ஒரு கத்தியைத்தான் நினைத்திருந்தேன். எனக்கு இரண்டு கத்தி. அவன் நொண்டிக் காலையும் எட்டி உதைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. கட்டையை மட்டும் பிடுங்கித் தூர எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

அந்த வாரமே சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் மறுபடியும் மரம் வெட்டப் போனேன். ரயிலடிக்குத் தங்கை வந்திருந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. வழிக்குச் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தாள். வண்டி நகரும் நேரத்தில்தான் கேட்டாள்.

"ஏண்ணே, ஒரு சொட்டு சுண்ணாம்பு வச்சிருந்தா அவரு காலு போயிருக்காதே?"

அவள் அவனோடுதான் வாழவேண்டும்.

"மறந்துட்டேம்மா" என்றேன்.