மேர் வீட்டு மாலை

என் மாமனார் இறந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் துக்கம் கேட்க வந்தார்கள். மீதிப் பேர் மாலையை யார் கொண்டு வருகிறார்கள் என்று பார்க்க வந்தார்கள்.

எங்கள் எம்.எல்.ஏ.வைப் புதுச்சேரியில் எங்கள் பக்கத்தார் 'மேர்' என்பார்கள். நகராட்சித் தலைவருக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயர் அது. அவர் அந்தப் பதவியை விட்டுச் சட்டசபைக்குப் போன பிறகும் பெயர் போகவில்லை. தொகுதியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மேர் மாலை உண்டு. அவர் வந்தால் என் கணவர் பின்னால் மாலையோடு நிற்பார். மேர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், கையைப் பின்னால் நீட்டுவார், மாலை அதில் இருக்கும். அவரால் வர முடியாத வீட்டுக்கு இவரே கொண்டு போவார். மேர் மாலை யார் கையில் வருகிறதோ அவர்தான் அவருக்கு அடுத்த ஆள் என்பது ஊர்க் கணக்கு.

மேர் எம்.பி. தேர்தலில் நின்று டெல்லிக்குப் போகப் போகிறார் என்று பேச்சுக் கிளம்பியதும் எங்கள் வீட்டில் தூக்கம் போயிற்று. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா, "அடுத்தது உங்க வூட்டுக்காரர்தானாமே! அப்புறம் எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?" என்றாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. பதவியேற்புக்கு எந்தப் புடவை என்பது வரை யோசித்து வைத்துவிட்டேன். ஆசை வெட்கம் அறியாது.

இந்த நேரத்தில்தான் மாமனார் போய்ச் சேர்ந்தார். கொள்ளி போட வேண்டிய மகனே மாலையும் கொண்டு வர முடியுமா? அப்படியானால் யார்? சாமியானாவுக்குக் கீழே இதே பேச்சு.

"மேரே வருவாரு. இவருக்கு வராம வேற யாருக்கு வருவாரு?"

"இல்லப்பா, புள்ளைய அனுப்புறாராம்."

"பாரீஸ்ல இருந்து இப்பதான வந்துச்சி? அதுக்கு இந்தத் தெருவே தெரியாதே!"

இவர் காதிலும் எல்லாம் விழுந்தது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாரே தவிர, கண் வாசலில்தான். தெருமுனையில் ஹாரன் கேட்டால் எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். பாடை கட்டியாகிவிட்டது. எடுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்டபோதெல்லாம், "இன்னும் கொஞ்ச நேரம்" என்றார். செத்தவரைக் காக்க வைப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் கார் வந்தது. இறங்கியது மேர் மகன்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேரின் அதே நடை. கூட்டம் விலகி வழி விட்டு, அவர் பின்னாலேயே மூடிக்கொண்டது. ஃப்ரீசர் பெட்டியின் முன்னால் வந்து நின்று, அப்பாவைப் போலவே கையைப் பின்னால் நீட்டினார். மாலையைத் தூக்கி வந்த டிரைவர் கூட்டத்தில் சிக்கி வாசலிலேயே நின்றுவிட்டார். நீட்டிய கை வெறுமனே இருந்தது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

என் கணவர் எழுந்தார். ஈர வேட்டியோடு ஆட்களை விலக்கிக்கொண்டு போய், டிரைவரிடமிருந்து மாலையை வாங்கி வந்து அந்தக் கையில் வைத்தார். வைத்துவிட்டு ஓரடி பின்னால் தள்ளி, கை கட்டி நின்றார். அதன் பிறகு சாமியானாவுக்குக் கீழே யாரும் அடுத்தது யார் என்று கேட்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"செத்தது உங்க அப்பா. நீங்க எதுக்கு எழுந்து போனீங்க?"

தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"தெரில. கை தானா போச்சு."

திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் கோணியது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் சுவரில் சாய்ந்து தேம்பத் தொடங்கினார்.

"எங்க அப்பா மூஞ்சிய நான் சரியாவே பாக்கலடி."