வாசல் கேட் வரை ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

எங்கள் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டப்போகிறேன் என்று ஒருவன் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். சிரித்தவர்களை நான் பொருட்படுத்தவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் இரண்டு மழைக்காலம் பிடித்தது.

பெருங்கடவிளையில் எனக்கு ஒரு ஃபைபர் பட்டறை உண்டு. குளியலறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, எப்போதாவது கோயில் திருவிழாவுக்கு ஒரு யானை. ஃபைபரில் யானை செய்தவனுக்குக் காரின் உடம்பு பெரிய காரியமா? பழைய பந்தயக் கார் ஒன்றின் நகல்தான் என் ஆசை. நீள மூக்கு, இரண்டே சீட், மேற்கூரை கிடையாது. அச்சுக்கும் ரெசினுக்கும் ஆகிற செலவு எனக்கு மனப்பாடம். வயரிங், பெயிண்ட், கண்ணாடி என்று மற்றதையெல்லாம் விசாரித்துத் தாளில் எழுதிவிட்டேன்.

இப்படி வேறொரு காரின்மேல் ஃபைபர் உடம்பு மாட்டின வண்டியை ரோட்டில் இறக்கச் சட்டம் விடாது. அதையும் மறைக்காமல் முதல் வரியாக எழுதியிருந்தேன். ஓடும் தூரம், எங்கள் முற்றத்திலிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே வாசல் கேட் வரை. பிறகு ரிவர்ஸ். மனைவி அதைப் படித்துவிட்டு, "கேட்டு வரைக்கும் போறதுக்கு ரெண்டு சீட்டு எதுக்காக்கும்?" என்றாள்.

அவளுக்குக் காரைப் பற்றிப் பயமில்லை, என் வீம்பைப் பற்றித்தான் பயம். முந்தின வருஷம் எங்கள் தேவாலயச் சபையின் அறுப்புப் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களை விடும் ஏலத்தில், எவனோ ஒருவன் என்னைப் பார்த்து இளித்தான் என்பதற்காக ஒரு சேவலை ஆட்டு விலைக்கு எடுத்தேன். அதைக் குழம்பு வைத்துப் பரிமாறியவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சேவல் தொண்டையில் இறங்கிவிட்டது, அந்த மௌனம் இறங்கவில்லை.

எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் ஒரு பழைய கார் வாங்கவேண்டும். அதற்கு நாற்பதாயிரம் என்று எழுதியிருந்தேன். அவள் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"இதுக்கு மேல ஒரு ரூவா போனாலும் காரு கதை அதோட தீந்தது. சம்மதமா?"

சம்மதித்தேன். எனக்கே என்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இந்த வருஷம், வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் தங்கள் பழைய சின்னக் காரைச் சபைக்குக் காணிக்கையாக விட்டுப்போனது. மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, கோழி எல்லாம் ஏலம் போன பிறகு கடைசியில் அதை ஏலத்துக்கு எடுத்தார்கள். எஞ்சினை முன்பே பார்த்து வைத்திருந்தேன், நல்ல எஞ்சின். மனைவி, சமையல் பந்தலில் வேலை இருக்கிறது என்று காலையிலேயே போய்விட்டாள்.

இருபதில் தொடங்கினேன். முப்பதைத் தாண்டியதும் மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் விடவில்லை. பின்னால், சமையல் பந்தல் பக்கத்துக் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்கிற விலையைக் கமிட்டிக்காரர் ஒருவர் வாங்கி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆள் தெரியவில்லை. வெள்ளறடையிலிருந்து வந்திருந்த பழைய இரும்பு வியாபாரியாக இருக்கும் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

"நாப்பது" என்றேன்.

"நாப்பத்தொண்ணு" என்று பின்னாலிருந்து வந்தது.

பக்கத்தில் நின்ற கூட்டாளி என் முதுகில் தட்டினான். "எலே, விடாத மக்கா! ஒரு ஆயிரத்துக்காட்டு தோத்துப்போவியா?"

வாய் திறந்துவிட்டது. காது சூடாகிவிட்டது. அதற்கு மேல் கேட்கப் பணம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. என்ன நினைத்தேனோ, வாயை மூடிக்கொண்டு நேராகக் கை கழுவும் குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். மூன்றாம் தரம் சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது. அழுகை வரும் போலிருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது சமையல் பந்தலில் பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கையில் கார் சாவி.

"நீயா?"

"நானேதான். நிங்க நிறுத்துவியளாண்ணு பாத்தேன். இங்க நிறுத்தினா பெயிண்டுலயும் நிறுத்துவிய, சக்கரத்திலயும் நிறுத்துவிய."

"நிறுத்தலைண்ணா?"

"வண்டிய உங்களுக்கே விட்டிருப்பேன். கதையும் அதோட தீந்திருக்கும்." பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "இது எனக்க சிட்டி பைசா, மாசச் சீட்டு கெட்டிச் சேத்தது. சபைக்குத்தானே போவுது. உங்க நாப்பது அப்பிடியே இருக்கட்டு" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது. இன்னொரு ஆயிரம் சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அவள் இப்படிச் சோதித்ததற்குக் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

காரின் பேட்டரி செத்திருந்தது. நான்கு பேர் பின்னால் தள்ள வந்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். மற்ற கதவைத் திறந்து அவளும் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? கனம் கூடும்."

"கேட்டு வரைக்கும் நானும் வாறேன்" என்றாள்.